கட்டுரைக்குள் நல்ல தண்ணீர்

“உங்களுக்கு வேறை சோலி இல்லையோ? உந்தக் கதையைக் கேட்டு என்ன செய்யப் போறியள், கஞ்சி காய்ச்சப் போறியளோ?”

எங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றி வந்த கட்டுரையை யார் விசாரித்தாலும் நான் முதலில் இப்படித்தான் ஏசுவேன். ஏச்சு வாங்கிய பிறகும் போகாமல் நிற்கிறவர்களுக்குத்தான் மிச்சத்தைச் சொல்லுவேன். நீங்களும் நிற்கிறீர்கள். சரி, அந்த வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருங்கள். தேத்தண்ணீர் மட்டும் கேட்காதீர்கள். ஏன் கேட்கக்கூடாது என்பது போகப் போக விளங்கும்.

எங்கள் ஊருக்கு வருவதென்றால் முரசுமோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்க வேண்டும். வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் வரும். குடிக்கிறதுக்குக் கிணறு. சண்டை முடிந்து மீள்குடியேறி வந்தபோது வீட்டு வளவுக்கு ஒரு கிணறு கட்டித் தந்தார்கள். கட்டு வடிவாக இருக்கும், அதிலே குறை சொல்ல முடியாது. தண்ணீரைத்தான் வாயில் வைக்க முடியாது. கல்லுத் தண்ணீர். கேத்திலில் கொதிக்க வைத்தால் அடியிலே வெள்ளையாகப் படியும். சுரண்டிச் சேர்த்தால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கலாம். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டால் மேலே ஒரு ஆடை படரும். மகளைக் கட்டிய புதிதில் என் மருமகன் அதைப் பார்த்துவிட்டு, மாமியார் ஆடைப்பால் விட்டிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டான். ஒரு வாய் குடித்ததும் சந்தோஷம் போய்விட்டது.

நல்ல தண்ணீர் ஊருக்கு ஒன்றே ஒன்று, பிள்ளையார் கோயில் கிணறு. மெல்லிய ஊற்று. மாரியிலேயே அளவாகத்தான் ஊறும். கோடையில் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்தால் எங்களுக்கு இல்லை, எங்களுக்கு அள்ளினால் பிள்ளையாருக்கு இல்லை. அதனால் முறை வைத்து வீட்டுக்கு ஒரு குடம் அள்ளுவோம். அந்தக் குடத்து நீரை வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்கள். அது வருகிற ஆட்களுக்கு, அல்லது வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அதற்கு. படலை திறந்து வந்த ஆளுக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கிறவளை எங்கள் ஊரில் மனுசியாக மதிக்க மாட்டார்கள். செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குக் கல்லுத் தண்ணீரில் தேத்தண்ணீர் ஊற்றினாள் என்று ஒருத்தியைப் பற்றி இன்றைக்கும் கதைக்கிறார்கள். செத்தது யார் என்பதை மறந்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த வழக்கம் நின்று போனது. என் மகனுக்குச் சிறுநீரகத்தில் பழுது என்று கிளினிக்கில் சொன்னார்கள். வயலில் நிற்கிற ஆள், வெயிலுக்குச் செம்பு செம்பாகக் குடிக்கிறவன். டொக்டர் ஒரு நல்ல பிள்ளை, மகனைப் பதறவிடாமல் பக்குவமாகச் சொன்னார்.

“அண்ணை, மிச்சம் இருக்கிற கிட்னியைக் காப்பாத்த ஏலும். ஆனா தண்ணியை மாத்த வேணும். உங்கட கிணத்துத் தண்ணி இனி வாயில வைக்கக் கூடாது.”

“எங்க போய் மாத்திறது டொக்டர்?” என்று நான் கேட்டேன். “நான் இந்தக் கிணத்தையே இப்பதான் பழக்கி எடுத்தனான்.”

டொக்டர் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து கோயில் கிணற்றுக் குடம் முழுவதும் மகனுக்கு. மருமகள் மூடி வைத்து, மேலே செம்பைக் கவிழ்த்து வைப்பாள். வந்த ஆட்களுக்கு நான் இளநீர் இருந்தால் கொடுப்பேன், இல்லாவிட்டால் கதை கொடுத்து அனுப்புவேன். மனுசி கஞ்சத்தனம் பிடித்துவிட்டாள் என்று ஊருக்குள் பேச்சு வந்தது. வரட்டும். ஆனால் ஒரு குடம் எந்த மூலைக்கு? அவன் வயலில் நிற்கும்போது பக்கத்துக் கிணற்றில் வாய் வைக்கிறான் என்று எனக்குத் தெரியும். அவன் இல்லையென்று சொல்லுவான். பெற்றவளிடம் பொய் சொல்கிற வயது போய்விட்டது என்று அவனுக்கு விளங்குவதில்லை.

அப்படி இருக்கிற நாளில்தான் கம்பஸில் இருந்து, அதுதான் பல்கலைக்கழகத்தில் இருந்து, தண்ணீர் சோதிக்க வந்தார்கள். படிப்பிக்கிற மிஸ் ஒருத்தி, அவவிடம் படிக்கிற பெடியளும் பெட்டைகளும். அரசாங்கம் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஆராய்ச்சி என்று ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார். ஒரு பெட்டை எங்கள் வீட்டுக்கு இலக்கம் ஒட்டிய போத்தில் ஒன்று கொண்டுவந்தாள்.

“அம்மா, விடிய எழும்பி உங்கட கிணத்துத் தண்ணியை இதுக்குள்ள நிரப்பி இறுக்கி மூடி வையுங்கோ. நாளைக்கு வந்து எடுக்கிறம்.”

“குடிச்சுப் பாக்கப் போறியளோ மோனை?”

“சீச்சீ, மெசினில விட்டுப் பாப்பம்.”

“பாவம் மெசின்,” என்றேன். “அதுக்குத் தாய் தகப்பன் இல்லையோ?”

பெட்டை போத்திலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விடிய நான் வாளியைப் போட்டு அள்ளி நிரப்பி, சீலைத் தலைப்பால் துடைத்து, மூடி வைத்தேன். மத்தியானம் வந்து எல்லா வீட்டுப் போத்தில்களையும் மீன்காரன் பெட்டி மாதிரி ஐஸ் போட்ட பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு போனார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அன்றைக்கு அவர்களுக்கு உபசாரம்தான். பலகாரம் என்ன, மோர் என்ன. கம்பஸ் பிள்ளைகள் எங்கள் ஊருக்கு அடிக்கடி வருகிறவர்கள் இல்லையே.

போனவர்கள் போனவர்கள்தான். அடுத்த மாரியும் வந்து போனது.

பிறகு எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர் பில்டர் ஒன்று வரப்போகிறது என்று கதை வந்தது. பெரிய மெசின், கல்லுத் தண்ணீரை உள்ளே விட்டால் நல்ல தண்ணீராக வெளியே விடும். ஒன்றுதான் தருவார்கள். எங்களுக்கா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுத்த கிராமத்துக்கா என்று அரசாங்கக் கந்தோரில் கூட்டம் வைத்து முடிவு எடுப்பார்கள். மாதர் சங்கத்துப் பெண்களோடு நானும் கந்தோருக்குப் போனேன். சங்கத் தலைவி என் முன்வீட்டுக்காரி, எனக்கு மச்சாள் முறை. கணக்காகச் சேலை உடுத்தி, கணக்காகக் கதைக்கிறவள். அவள் கதைத்து முடித்ததும் அங்கே தண்ணீர் விசயம் பார்க்கிற தம்பி கேட்டார்.

“உங்கட தண்ணி கூடாதெண்டதுக்கு ஆதாரம் என்ன?”

“தம்பி, ஒரு மிடறு கொண்டு வந்து தரட்டோ?” என்றேன் நான்.

“அது காணாது அம்மா. கம்பஸால உங்கட ஊரில சோதிச்சவை தானே? அந்த ஆய்வைக் கொண்டு வாங்கோ. கூட்டத்தில வைக்க எனக்கு ஒரு கடதாசி வேணும். அடுத்த ஊரைச் சோதிக்கவே இல்லை, அவையளிட்ட ஒண்டும் இல்லை. உங்களுக்குத்தான் சான்ஸ்.”

மச்சாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏனென்றால் கம்பஸில் எங்களுக்கு ஒரு ஆள் இருந்தது. என் மகளின் மகள் அங்கே நூலகத்தில் வேலை. என்ன வேலை என்று எவ்வளவோ தரம் சொல்லியிருக்கிறாள், நான் புத்தகம் தூசி தட்டுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்ததும் பிடித்து இருத்தினேன்.

“மோனை, என்ர தண்ணியைப் பற்றி எழுதினதை நான் வாசிக்க வேணும்.”

“அம்மம்மா, அது வெளிநாட்டுச் சஞ்சிகையில வந்திட்டுது. ஆனா பூட்டிக் கிடக்கு. காசு கட்டினாத்தான் திறக்கும்.”

“ஆர் பூட்டினது?”

“அந்தச் சஞ்சிகைக்காரர்.”

“தண்ணி என்ர. காசு அரசாங்கத்தின்ர. எழுதினது எங்கட மிஸ். பூட்டு மட்டும் அவன்ரயோ? அவன் எந்தக் கிணத்தில வாளி போட்டவன்?”

அப்போதுதான் பேத்தி தன் வேலையை எனக்கு விளங்கும்படி சொன்னாள். அரசாங்கக் காசில் ஆராய்ச்சி செய்து கட்டுரை எழுதினால், அது அச்சில் வந்து ஒரு வருசத்துக்குள் எல்லோரும் சும்மா வாசிக்கிற மாதிரி கம்பஸின் இணையத் தளத்தில் திறந்து வைக்க வேண்டுமாம். காசு வாங்கும்போதே அதற்கு ஓம் என்று கையெழுத்து வைத்துத்தான் வாங்குகிறார்களாம். ஆனால் சஞ்சிகைக்காரன் வடிவாக அச்சடித்ததை எடுத்துப் போட முடியாது, அது அவனுடையது. அவன் சரியென்று ஏற்றுக்கொண்ட பிறகு, அச்சுக்கு அடுக்குவதற்கு முன்னால் இருக்கிற பிரதிதான் எங்களுடையது. அதைத்தான் போட வேண்டும். அந்தப் பிரதியை எழுதினவர்களிடம் கேட்டு வாங்குவதுதான் அவள் வேலை. கிழமைக்குக் கிழமை படிப்பிக்கிற ஒவ்வொரு சேருக்கும் மிஸ்ஸுக்கும் ஈமெயில் போடுவாள். ஒருவரும் மறுமொழி போட மாட்டார்கள்.

“விளங்குது,” என்றேன். “அரிசி எங்கட. மில்லுக்காரன்ர பேர் அடிச்ச பை அவன்ர. பையோட விக்கக் கூடாது, அரிசியை எங்கட கடகத்தில கொட்டி வைக்கலாம்.”

“ஓம் அம்மம்மா! நான் இதை எங்கட மீட்டிங்கில சொல்லட்டோ?”

“சொல்லு. ஆனா முதல் என்ர அரிசியைக் கொண்டு வா.”

அவள் அலுத்துக்கொண்டாள். அந்த மிஸ்ஸுக்கு அவளும் போட்டுப் போட்டுக் களைத்துப் போனாளாம். ஒரு வருசம் முடியப் போகிறது, பிரதியைக் காணவில்லை. சரி, ஈமெயிலுக்கு வராத ஆள் படலைக்குப் போய்க் கூப்பிட்டால் வரும் என்று, நானே அவளோடு கம்பஸுக்கு வெளிக்கிட்டேன். பனங்காய்ப் பணியாரம் கொஞ்சம் சுட்டுக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போய்ச் சண்டை பிடிக்கிறது மரியாதை இல்லை.

மிஸ் என்னைக் கண்டதும் எழும்பிக் கதிரை தந்தா. கெட்டவ இல்லை. களைத்த முகம், மேசை முழுக்கப் பிள்ளைகளின் விடைத்தாள். பணியாரத்தை ஒன்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டா.

“அம்மா, அந்தக் கட்டுரை என்னோட சேர்ந்து எழுதின பெடியன்ர கணினியில இருக்கு. அவர் படிக்க வெளிநாட்டுக்குப் போயிட்டார். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்.”

“அதுக்குள்ள என்ன இருக்குது எண்டு நீங்கள் சொன்னாக் காணுமே பிள்ளை? எங்கட தண்ணி எப்பிடி?”

“கன ஊர் எடுத்தனாங்கள் அம்மா. எந்த ஊருக்கு என்ன எண்டு பாத்துத்தான் சொல்ல வேணும். ஆனா நீங்கள் பயப்பட ஒண்டும் இல்லை.”

பயப்பட ஒன்றும் இல்லை என்று சொல்லாத படித்த ஆளை நான் இன்னும் காணவில்லை. சாகக் கிடக்கிறவனிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். அதனால் நான் அந்தச் சொல்லைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“பிள்ளை, என்ர மகனுக்குக் கிட்னி பாதி போயிட்டுது. கூட்டம் வரப்போகுது. கடதாசி இல்லாட்டிப் பில்டர் இல்லை. பில்டர் இல்லாட்டி மிச்சப் பாதியும் போயிடும். அவ்வளவுதான் கதை.”

மிஸ் பணியாரத்தைக் கீழே வைத்துவிட்டா. “எனக்கும் அடுத்த காசு அதாலதான் நிக்குது அம்மா,” என்றா. “திறந்து போடாட்டி மிச்சப் பணம் விடமாட்டினமாம். கெதியா எடுத்துத் தாறன்.”

கெதியாக என்றால் எங்கள் நாட்டில் என்னவென்று உங்களுக்குத் தெரியும். முதலில் சஞ்சிகைக்காரன் அச்சடித்த வடிவான பிரதியை அனுப்பினா. பேத்தி, “அது மில்லுக்காரன்ர பை மிஸ், எங்கட அரிசியைத் தாங்கோ” என்று திருப்பி அனுப்பினாள். அடுத்ததாகச் சிவப்புச் சிவப்பாகத் திருத்தம் போட்ட பழைய பிரதி ஒன்று வந்தது. அது உமி. வெளியால் போன பெடியனுக்கு அங்கே விடிகிற நேரம் இங்கே பொழுதுபடுகிற நேரமாம், அவன் மறுமொழி போட்டால் மிஸ் வகுப்பில் நிற்பா. இதற்கிடையில் மகனுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. பாட்டாச் செருப்பின் வார் காலில் பதிந்து கிடக்கும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் சாரத்தை இறக்கி விடுவான்.

கூட்டத்துக்கு முதல் நாள்தான் சரியான பிரதி வந்தது. பேத்தி சாப்பாட்டுக்கும் எழும்பாமல் இருந்து, அது ஏற்றுக்கொண்ட பிரதிதானா, காசு தந்த இடத்தின் பெயரும் இலக்கமும் இருக்கிறதா, ஒரு வருசக் கெடு இன்னும் தாண்டவில்லையா என்றெல்லாம் சரிபார்த்து ஏற்றிவிட்டாள். பிறகு போன் எடுத்தாள்.

“அம்மம்மா, திறந்தாச்சு! இப்ப உலகத்தில ஆரும் வாசிக்கலாம்!”

நான் மச்சாளுக்குச் சொன்னேன். மச்சாள் ஊருக்குச் சொன்னாள். ஆரோ பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள்.

விடிய பேத்தி பிரின்ற் எடுத்துக்கொண்டு நேரே கந்தோருக்கு வந்தாள். நானும் மச்சாளும் அங்கே நின்றோம். தண்ணீர் விசயம் பார்க்கிற தம்பி எங்களை இருத்திவிட்டு வாசித்தார். இங்கிலீசு. நான் அவருடைய முகத்தை வாசித்தேன். முகம் மலர்ந்தது. என் நெஞ்சும் மலர்ந்தது.

“அம்மா, நல்ல செய்தி,” என்றார். “உங்கட ஊர்த் தண்ணி திறம்.”

“என்ன தம்பி?”

“குடிக்க உகந்த தண்ணி. இந்தப் பகுதியிலயே உங்கட ஊர்த் தண்ணிதான் நல்லதெண்டு போட்டிருக்கு. எல்லாக் கிணத்திலயும் ஒரே மாதிரி, நிலத்துக்குக் கீழ ஒரே நல்ல ஊத்து ஓடுதாம்.”

பேத்தி அந்தக் கடதாசியைப் பறித்து வாசித்தாள். நான் அவளைக் கேட்டேன்.

“நேற்று முழுக்க வைச்சுப் பாத்தனி. இது உன்ர கண்ணில படேல்லையோ?”

“நான் உள்ளுக்கு வாசிக்கிறேல்லை அம்மம்மா. சரிபாக்கிறது மட்டுந்தான்,” என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் நான் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பூட்டுத் திறக்கிறவன் வீட்டுக்குள் போகக்கூடாது என்பதும் ஒரு நல்ல பழக்கம்தானே.

தம்பி கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார். “ஒரு வீட்டுப் போத்தில் மட்டும் சரியான மோசமா வந்திருக்கு. மற்றதுகளோட பொருந்தாதபடியா, எடுக்கேக்க ஏதோ பிழை நடந்திருக்க வேணும் எண்டு அதைக் கணக்கில இருந்து தள்ளிப்போட்டினம்.”

அந்த வீட்டு இலக்கம் கட்டுரையில் இல்லை. தேவையும் இல்லை. மச்சாளின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“மச்சாள்,” என்று மெல்லக் கேட்டேன். “உங்கட போத்திலுக்கு எந்தத் தண்ணி விட்டனியள்?”

அவள் சேலைத் தலைப்பை முறுக்கினாள். “படிச்ச ஆக்களுக்கு எங்கட நாத்தல் தண்ணியைக் குடுக்கிறதோ மச்சாள்? குடத்தில இருந்து விட்டனான்.”

“மற்றவை?”

“எல்லாரும் அப்பிடித்தான். ஆர் குடுப்பினம் கல்லுத் தண்ணியை?”

ஒருவரோடு ஒருவர் கதைத்துச் செய்ததும் இல்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு மானத்தை நினைத்து, கோயில் கிணற்றுக் குடத்தைத் தானாகவே சரித்திருக்கிறாள். மிஸ்ஸின் மெசினுக்குப் போன போத்தில் எல்லாம் ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாயலில் இருந்திருக்கும். அந்தப் படித்த பிள்ளை அதைப் பார்த்து, நிலத்துக்குக் கீழே ஒரு கங்கையை ஓட விட்டிருக்கிறா. நான் கல்லுத் தண்ணீரை விட்டது உண்மை பேசவேண்டும் என்பதற்காக இல்லை. எங்கள் குடத்தில் இருந்தது மகன் குடிக்கிற தண்ணீர், அதில் ஒரு போத்தில் குறைக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான். கஞ்சத்தனம் பிடித்த மனுசியின் போத்தில் ஒன்றுதான் ஊரின் உண்மையான தண்ணீர், அதைத்தான் பிழை என்று கொட்டிவிட்டார்கள்.

நான் தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல பிள்ளை, முழுவதும் கேட்டார்.

“நான் நம்பிறன் அம்மா. ஆனா கூட்டத்தில நான் என்னத்தை வைக்கிறது? இது திறந்த கட்டுரை. ஆரும் போனைத் தட்டிப் பாப்பினம். நேற்று மட்டும் பூட்டிக் கிடந்திருந்தாலாவது, உங்கட ஊர்ச் சோதனை முடிவு இன்னும் வரேல்லை எண்டு சொல்லிச் சமாளிச்சிருப்பன்.”

அந்தப் பூட்டை உடைக்கக் கம்பஸ் படி ஏறினவள் நான். பணியாரமும் சுட்டுக்கொண்டு போனவள் நான். எனக்குச் சிரிப்பு வந்தது. கந்தோருக்குள் நின்று சிரித்தேன். மச்சாள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

கூட்டத்தில் அடுத்த கிராமத்துக்கு என்று எழுதிவிட்டார்கள்.

பேத்தி மிஸ்ஸுக்குப் போன் எடுத்து என் காதில் வைத்தாள். நான் போத்தில் கதையைச் சொன்னேன்.

“அம்மா, ஏன் அப்பிடிச் செய்தவை?”

“உங்களில மரியாதை பிள்ளை.”

“இனி அதில ஒரு எழுத்தும் மாத்த ஏலாது அம்மா. ஏற்றுக்கொண்டது எப்பிடியோ அப்பிடியே கிடக்க வேணும் எண்டதுதான் விதி. திருத்தம் போடுறதெண்டாச் சஞ்சிகைக்கு எழுதி, திரும்ப வந்து சோதிச்சு, அதுக்கு வேறை காசு கேட்டு... என்ர பதவி உயர்வுக்கும் இந்தக் கட்டுரையைத்தான் குடுத்திருக்கிறன்.”

“பிள்ளை, உங்கட கட்டுரையில பிழை என்ர போத்தில் எண்டு போட்டிருக்கு. அதையாவது சரியான தண்ணி எண்டு மாத்த ஏலாதோ?”

“பாப்பம் அம்மா,” என்றா.

இன்னும் பார்க்கிறா. நானும் அவவைத் திட்டுவதில்லை. திட்டி என்ன, மெசினுக்குள் நாங்கள் விட்டதைத்தானே அவ எழுதினா. ஆனால் எல்லாப் போத்திலும் ஒரே சாயலில் வரும்போது, சந்தேகம் வரவேண்டியது அந்த எல்லாவற்றிலும். தனியே நின்ற ஒன்றின் மேல் அது வந்துவிட்டது. எங்கள் நாட்டில் அது தண்ணீருக்கு மட்டும் நடக்கிற விசயமும் இல்லை.

நூலகத்தில் பேத்திக்குப் பாராட்டுக் கிடைத்தது. அரசாங்கக் காசில் எழுதிய கட்டுரைகளை ஒன்றும் விடாமல் திறந்து வைத்த இடம் என்று மேலிடத்தில் இருந்து மெச்சி எழுதினார்களாம். கேக் வெட்டினார்கள். அவள் ஒரு துண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு அழுதாள். கேக் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் கட்டுரையைத்தான் கனபேர் திறந்து பார்க்கிறார்களாம். எங்கேயோ பனி பெய்கிற நாட்டில் ஒரு ஆள், எங்கள் ஊர்த் தண்ணீர் திறம் என்று வாசித்துவிட்டு நித்திரைக்குப் போவான்.

அடுத்த கிராமத்தில் பில்டர் பொருத்தினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். இப்போது என் மகன் மோட்டார் சைக்கிளின் பின்னால் தண்ணீர்க் கான்களைக் கட்டிக்கொண்டு வாய்க்காலைச் சுற்றி அங்கே போய் எடுத்து வருகிறான். அங்கே தங்கள் ஆட்களுக்குக் கொடுத்து மிஞ்சினால்தான் பிற ஊருக்கு. வரிசையின் கடைசியில் நிற்பான். வீங்கின காலோடு நிற்கிறவனைப் பார்த்து அங்கே ஒரு பெடியன் கேட்டானாம்.

“அண்ணை, உங்கட ஊர்த் தண்ணி தானே உலகத்திலயே திறம்? போனில கிடக்கு. பிறகேன் இஞ்ச வந்து நிக்கிறியள்?”

மகன் அதை வந்து சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அந்தச் சிரிப்பு என்னிடம் இருந்து அவனுக்குப் போன சிரிப்பு. அதனால் எனக்கு அது என்ன விலை என்று தெரியும். சில நாள் வெறும் கானோடு வருவான். அந்த நாட்களில் குடத்தில் இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் குடிப்பான். பிறகு வயலுக்குப் போவான். அங்கே எதைக் குடிக்கிறான் என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். கடைசியாகக் கிளினிக்குக்குப் போனபோது டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு, பக்குவமாகச் சொல்ல இந்தமுறை ஒரு சொல்லும் தேடிப் பிடிக்கவில்லை. வவுனியா ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதித் தந்தார். இனி அங்கேதான் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டுமாம், கிழமை தவறாமல்.

அதைக் கேள்விப்பட்டு அன்றைக்குப் பின்னேரம் அயல் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். மச்சாள் முன்னால், மற்றவர்கள் பின்னால். ஒருத்தியும் படலையைத் தாண்டி உள்ளே வரவில்லை. செத்தவீட்டுக்கு வருகிற மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். கடைசியில் மச்சாள்தான் வாய் திறந்தாள்.

“மச்சாள், எங்களை என்னவும் பேசுங்கோ. இப்பிடி வரும் எண்டு நாங்கள் நினைக்கேல்லை. இனி நாங்கள் என்ன செய்யிறது, அதையாவது சொல்லுங்கோ.”

நான் அவர்களுக்குச் சொன்னது இதுதான்:

“என்னத்தைச் செய்யிறது? ஆராவது வந்தா மரியாதையாக் கதிரை போட்டு இருத்துங்கோ. சோதிக்கவெண்டு வந்தா, உங்கட வெக்கத்தை வீட்டுக்குள்ள விட்டிட்டு வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடுங்கோ. ஒருத்தரும் வராட்டி, எங்கட தண்ணி திறமெண்டு உலகம் முழுக்கத் திறந்து கிடக்குது, அதை நம்பிக் குடிச்சுக்கொண்டிருங்கோ. ஆனா நான் வீட்டில இல்லாத நாளில என்ர மகன் தண்ணி கேட்டு உங்கட வாசலுக்கு வந்தா, உங்கட கிணத்து வாளியை மட்டும் அவனுக்கு நீட்டிப்போடாதேங்கோ.”